மூன்று ஈயமுனைத் தோட்டாக்கள்

கிரீன்லாந்தின் இட்டோக்கோர்த்தூர்மீட் ஊரில் துப்பாக்கி எடுத்து வேட்டைக்குப் போன பெண்கள் இருவர்தான். ஒருத்தி முழங்கால் வலி வந்து நிறுத்திவிட்டாள். மற்றவள் பிபியானே. பள்ளிக்கூடத்தில் தரை துடைப்பாள். அந்த வேலை முடிந்தால் படகும் கடலும்தான்.

அந்த ஆகஸ்டில் சரக்குக் கப்பல் பனிக்கட்டிக்கு அப்பால் மாட்டிக்கொண்டு நின்றது.

"பெரிய துப்பாக்கிக்கு ஈயமுனை ஒண்ணுகூட இல்லையா, கர்லு?" என்றாள் கடையில்.

"கடல்நாய் சுடுற சின்னது வேணும்னா பொட்டி பொட்டியா இருக்குக்கா. பெருசுல இந்தச் செம்பு மூடினதுதான்."

அவள் புருஷன் யெரமியாஸ் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டான். "இதுக்கென்ன கேடு? கஸ்தூரி எருது வந்து எந்த மார்க்குன்னு கேக்கப்போகுதா?"

"இது ஒரு பக்கம் போயி மறுபக்கம் வந்துரும். அடி பட்டதே அதுக்குத் தெரியாது. ஈயமுனைன்னா உள்ள போயி விரிஞ்சு கிழிச்சிரும்."

"சரிங்க டீச்சரம்மா," என்றான். கர்லு சிரித்துவிட்டான்.

போன வருடத்து ஈயமுனைத் தோட்டாக்கள் வீட்டில் மூன்று கிடந்தன. அவற்றைத் தன் துப்பாக்கியில் போட்டுக்கொண்டாள். யெரமியாஸ் செம்புத் தோட்டாவே போட்டான்.

மறுநாள் காலை படகில் அக்கரைக்குப் போனார்கள். அவர்களுடைய சறுக்குவண்டி நாய்கள் ஊரிலேயே சங்கிலியில் கிடந்தன. சரிவில் நீண்ட மயிர் தொங்க ஆறு கஸ்தூரி எருதுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. யெரமியாஸ் சுட்டால் செம்புத் தோட்டா ஒன்றைத் துளைத்து அடுத்ததையும் காயப்படுத்தும். அதனால் பேசாமல் இருந்தான். ஒன்று விலகி வரும்வரை காத்திருந்து பிபியானே இரண்டு தோட்டாவில் சாய்த்தாள். மற்றவை மேட்டில் ஏறி ஓடின.

கறி அறுத்துக்கொண்டிருக்கும்போது கடலிலிருந்து மூடுபனி ஏறியது. குடலுக்குச் சண்டை போட்ட பறவைகள் சட்டென்று எழும்பிப் போயின. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"யெரமி, துப்பாக்கிய எடு."

"ஏன், என்னது?"

"எடுன்னா எடு!"

தலையைத் தாழ்த்தியபடி, அவசரமே இல்லாமல், பனிக்கரடி வந்தது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. யெரமியாஸ் கத்தினான், வானத்தைப் பார்த்துச் சுட்டான். அது நிற்கவில்லை. மார்பில் சுட்டான். ஈ கடித்ததுபோல் ஒருமுறை தோட்டா வெளியே வந்த விலாவைக் கவ்விப் பார்த்துவிட்டு ஓடிவரத் தொடங்கியது. இன்னொன்று சுட்டான். அப்போதும் ஓடிவந்தது.

பிபியானே மண்டியிட்டாள். தோள் தெரியும்வரை பொறுத்தாள். இருந்த ஒரே தோட்டாவை அனுப்பினாள். கறிக் குவியலின்மேல் முகம் குப்புற அது விழுந்தது.

யெரமியாஸின் விரல்கள் துப்பாக்கியை விட்டுப் பிரியவில்லை. ஒவ்வொன்றாக அவள்தான் விடுவித்தாள். வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு துண்டு நீலக் கயிறு தவிர வேறொன்றும் இல்லை.

"எத்தன நாளு பட்டினியோ," என்றாள்.

அதன்பிறகு அவன் வேட்டைக்கே போகவில்லை. மின்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். இயந்திரச் சத்தம் ஓயாத இடம்தான் அவனுக்குப் பிடித்தது. குளிர் தொடங்குமுன் ஊர் எல்லையில் இன்னும் இரண்டு கரடிகள் வந்தன, இரண்டும் எலும்பும் தோலுமாக. பள்ளிக்கூடத்தார் பிபியானேவைக் கூப்பிட்டுக் பள்ளிக்கு வரும் குழந்தைகளுக்கு முன்னால் நடக்கச் சொன்னார்கள். விடியாத காலைகளில் ஒவ்வொரு வீட்டு மூலையிலும் அவள் கையை உயர்த்துவாள். குழந்தைகள் அப்படியே நிற்பார்கள். அவள் மட்டும் போய் எட்டிப் பார்ப்பாள்.