என் கையால் வெட்டிய நாலு பக்கம்

தன் வேலையை ஒழிக்கச் சொல்லித் தானே கை உயர்த்தியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். புத்தி கெட்டுப்போய்ச் செய்யவில்லை; புத்தி கூடிப்போய்ச் செய்தது.

எங்கள் வார சஞ்சிகையில் வெளிநாட்டுப் பக்கங்கள் நாலும் என்னுடையவை. கடவுச்சீட்டே இல்லாத வெளிநாட்டு விவகார எழுத்தாளன் நான். கொழும்புக்குப் போய்வந்தாலே தலை சுற்றிப் படுத்துவிடுவேன். ஆனாலும் ஐரோப்பாவில் எந்தக் கூட்டணி கவிழும், எந்தப் பிரதமர் தப்புவார் என்று எங்கள் ஊர் கல்லடியில் இருந்தபடி வாராவாரம் தீர்ப்புச் சொல்வேன். அவர்களில் ஒருவரும் என் பேச்சைக் கேட்டதில்லை.

விற்பனை விழுந்தது. கடைகளுக்குப் போன கட்டுகள் பஸ்ஸில் அப்படியே திரும்பி வந்தன. சிலவற்றில் கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை. நாங்கள் அண்ணன் என்று அழைக்கும் ஆசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு இருத்தினார்.

"வெளிநாட்டுப் பக்கத்தக் குறைச்சு ஊர்ச் செய்தியக் கூட்டுவமா? வாகரையில இரிக்கிறவன் வாகரையத்தானே தேடுவான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினேன். "சஞ்சிகை தப்ப வேணுமெண்டா என்ட நாலு பக்கத்தையும் வெட்டுங்க அண்ணன்."

'ஐயோ, அதுதானே சஞ்சிகையின் உயிர்' என்று யாராவது பதறுவார்கள், நானும் மனமில்லாததுபோல் பக்கங்களை வைத்துக்கொள்ள இணங்கலாம் என்பது என் திட்டம். ஒருவரும் பதறவில்லை. பக்கம் வடிவமைக்கும் தங்கச்சி மட்டும், "நாலையும் எடுத்தா எனக்கும் லேசு அண்ணா" என்றாள். எப்படியாவது அந்தப் பக்கங்களைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்ற தவிப்பு அந்த நிமிடமே எனக்குத் தொடங்கிவிட்டது.

பதிலுக்கு எனக்குக் கிடைத்தது வைகாசிச் சடங்கு என்ற கோயில் திருவிழா. வாவிக்கரை ஊரொன்றின் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய், ஒவ்வொரு குடிக்கும் உரிய நாளில் படம் எடுத்து, நாலு பக்கத்தையும் முகங்களால் நிரப்பினேன். எங்கள் பகுதியில் குடி என்பது தாய்வழி வரும் வம்சம். எந்தக் குடிக்குக் கோயிலில் எந்த நாள் என்பது யாரும் மாற்றத் துணியாத ஒழுங்கு. இது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, மூன்றாம் நாள் படத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்று அதை முதலில் போட்டேன். முதல் நாளுக்குரிய குடி கடைசிப் பக்கத்தின் மூலைக்குப் போனது.

ஊரே சஞ்சிகையை வாங்கியது. மறுநாள் ஊரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

முன்னால் வந்தவர் கோயிலைப் பரிபாலிக்கும் வண்ணக்கர். கதிரை போட்டோம். அவர் அதில் உட்காரவில்லை.

"தம்பி, ஆர் இத அடுக்கினது?"

"நான்தான் ஐயா. அது, படத்தின்ட வடிவுக்கு..."

"வடிவோ? முதல் நாள் எங்கட குடிக்கு. அம்மாள்ற முறை அது. நீங்க தூக்கி மூலையில வெச்சிரிக்கிறீங்க. வடிவு பார்க்க இதென்ன கலியாண அல்பமோ?"

பின்னால் நின்ற ஒருவர், "விடுங்க, அவருக்கு ஐரோப்பாவுக்குள்ளதான் முறை தெரியும்" என்றார். என் பழைய வாசகர்! வெட்கப்படுவதா நன்றி சொல்வதா என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த இதழில் முறைப்படி அடுக்கி, வருத்தமும் தெரிவிப்பதாக அண்ணன் வாக்குக் கொடுத்தார். கோபம் சற்றுத் தணிந்து வாசல்வரை போன வண்ணக்கர் திரும்பினார்.

"மறுகா இன்னொண்டு, அந்த வெளிநாட்டுப் பக்கம் எங்க தம்பி? மகள் குவைத்தில வேலை. சடங்குக்கு வரவேண்டியவள், பிளேன் ஓடுதில்ல எண்டு நிக்கிறாள். ஏன் எண்டு அவளுக்கும் விளங்கல்ல. போன்ல வாறதெல்லாம் ஒண்டுக்கொண்டு மாறிக் கிடக்கு."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அன்றைக்கே பழைய இதழ்களை எடுத்து, என் வெற்றிக்குச் சாட்சி தேடினேன். ஐரோப்பா இருந்தது, அமெரிக்கா இருந்தது, ஐஸ்லாந்தின் எரிமலைகூட இருந்தது. குவைத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் வாவியைச் சுற்றி வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு எது? அந்த வீடுகளுக்குக் கொழும்பைவிடக் குவைத்துத்தான் கிட்ட. விற்பனைக்காக வெளிநாட்டுச் செய்தியை வெட்டுவது பிழை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் வெட்டினால் ஒருவருக்கும் வலிக்காத மாதிரி அதை எழுதிவைத்தவன் நான்தான்.

வருத்தம் தெரிவித்த இதழ் முந்தியதைவிட நன்றாக விற்றது. பிழையாக அடுக்கியபோது ஒரு தரம் வாங்கியவர்கள், சரியாக அடுக்கியதைப் பார்க்க இன்னொரு தரம் வாங்கினார்கள். அண்ணன் நல்ல முகத்தோடு இருந்த நேரம் பார்த்து மேசைக்குப் போனேன்.

"வண்ணக்கர் கேட்டதக் கேட்டீங்கதானே அண்ணன்? இனி ஐரோப்பா வேணாம். குவைத், கட்டார், எங்கட ஆக்கள் நிக்கிற நாடுகளைப் பத்தி மட்டும் எழுதுறன். பிளேன் ஏன் ஓடுதில்ல, விசாச் சட்டம் எப்பிடி மாறுது, எல்லாம் விசாரிச்சு எழுதுறன். நாலு பக்கத்தையும் திருப்பித் தாங்க."

அவர் அச்சுப்படியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அரைப் பக்கம் தாறன், அதுவும் விளம்பரம் வராட்டி."