மூன்றாவது வரிசையில் அக்கா

புவனோஸ் ஐரிஸில் ஸுனில்தாவுக்கு மருந்துக்கடையில் வேலை. வாயைத் திறந்தால் பராகுவேக்காரி என்று தெரிந்துவிடும். தெரிந்தால் காசைக் கையில் தரமாட்டார்கள், மேசையில் வைப்பார்கள். அதனால் சீக்கிரமே அந்த ஊர்க்காரி போலவே ஸ்பானிஷ் பேசப் பழகிக்கொண்டாள்.

அக்கா நிமியா பழகவில்லை. ஒரு வக்கீல் வீட்டில் தங்கிச் சமைத்துத் துவைத்துப் போட்டாள். ஞாயிறு மட்டும் விடுமுறை. அன்று தங்கையின் அறைக்கு வந்து, மரவள்ளியை அவித்தபடியே, அந்த வீட்டுக் கூத்தையெல்லாம் தங்கள் தாய்மொழியான குவரானியில் கொட்டித் தீர்ப்பாள்.

அந்தக் கூத்துதான் ஸுனில்தாவின் முதல் நாவல். ஆனால் அதில் கதை சொன்னது வேலைக்காரி இல்லை. வீட்டுக்காரரின் சின்ன மகள். அவள் கண்ணில் வேலைக்காரி வாயைப் பொத்திச் சிரிப்பாள், நின்றுகொண்டே சாப்பிடுவாள், ஸ்பானிஷைக் கடித்துத் துப்புவாள். புத்தகம் முழுக்க நாலைந்து வரிகூடப் பேசமாட்டாள். வேலைக்காரியை ‘நான்’ என்று எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஸுனில்தாவின் கை நின்றுவிட்டது. படிப்பவர்கள் தன்னையே அந்தச் சமையலறையில் பார்த்துவிட்டால்?

பேட்டை நூலகத்தில் ஒரு ஞாயிறு மாலை அவளை வாசிக்கக் கூப்பிட்டார்கள். நிமியா பச்சைக் கவுன் போட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். வேலைக்காரி தொலைபேசியைப் பார்த்து மிரளும் இடத்தில் கூட்டம் சிரித்தது. நிமியாவும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். “அந்தச் சமையலறைய எப்படிம்மா இவ்வளவு தத்ரூபமா எழுதுனீங்க?”

“சின்ன வயசுல எங்க வீட்ல ஒரு பராகுவேப் பொண்ணு வேலை பாத்தா. அவளப் பாத்துதான்.”

சொன்ன பிறகுதான் ஸுனில்தாவுக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது. மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

கூட்டம் முடிந்து எல்லோருக்கும் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்த நூலகப் பெண்மணி, நிமியாவிடம் கேட்டாள். “நீங்க அவங்களுக்குச் சொந்தமா?”

“இல்லீங்கம்மா. அவங்க வீட்ல வேலை பாத்தவ.”

“அட, அந்தப் பொண்ணே வந்திருக்கா, பாருங்க!”

ஆட்கள் நிமியாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அவள் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். நாலடி தள்ளி நின்ற ஸுனில்தா, ‘இது என் அக்கா’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பஸ்ஸில் நிமியா குவரானியில் சொன்னாள். “மரவள்ளி தீந்துபோச்சு. வர்ற வாரத்துக்கு வாங்கி வை.”

ஸுனில்தா பக்கத்து இருக்கைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்பானிஷில் சரி என்றாள்.

விலகி நின்று பார்க்கும் நிதானமான கண் என்று பத்திரிகைகள் அந்த நாவலைப் புகழ்ந்தன. அந்தப் புகழ்ச்சியை ஒவ்வொரு முறை படித்தபோதும் ஸுனில்தாவுக்கு யாரோ பளாரென்று அறைந்தது போலிருந்தது.

இரண்டாவது நாவலுக்குப் பல வருஷம் பிடித்தது. இதில் வேலைக்காரியே ‘நான்’ என்று பேசினாள். நூலகத்தில் அன்று மாலை நடந்ததையும் ஸுனில்தா விடாமல் எழுதியிருந்தாள். தங்கையைக் காப்பாற்ற அக்கா பாசத்தில் பொய் சொல்வது போலவும், அப்போது அவள் மனதில் ஓடியதெல்லாம் இன்னதென்றும் பக்கம் பக்கமாக.

அச்சாகி வந்ததும் நிமியாவிடம் எடுத்துப் போனாள். நிமியாவுக்கு இப்போது சொந்தமாக ஒரு வாடகை அறை. ஸுனில்தா ஒவ்வொரு வரியாகக் குவரானியில் சொல்லிக்கொண்டே வர, நிமியா வெங்காயம் நறுக்கியபடி கேட்டாள். நூலகம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“இதெல்லாம் யாரு நெனச்சது?”

“நீதான்க்கா. அன்னிக்கு என்னைக் காப்பாத்தணும்னு...”

“உன்னைக் காப்பாத்தவா? போடி. நீ அப்படிப் பேசினப்புறம், அந்தம்மா கேட்டப்ப, உனக்கு அக்கான்னு சொல்லிக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன்.”

புத்தகம் ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்டிருந்தது.

“சரி, மேல படி,” என்றாள் நிமியா, கத்தியை மறுபடி எடுத்து.

ஸுனில்தா பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் புத்தகத்து அக்காதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.