நான்கு குடித்தனங்களுக்குச் சொந்தக்காரி

2002 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, சனிக்கிழமை. விடியற்காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. எட்டு மணிக்குத் தொடங்கிய தூறல், குடையை விரிப்பதா மடக்குவதா என்று தீர்மானிக்க முடியாத அளவில் பெய்துகொண்டிருந்தது. பெங்களூரில், விவேக் நகரிலிருந்து ஈஜிபுரம் வரை பிரிஜெட் நடந்தே சென்றார். கைப்பையில் புதிய ரசீதுப் புத்தகம் ஒன்று இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில், அன்றுதான் அவர் முதன்முதலாக வாடகை வாங்கப் போகிறார்.

அதுவரை வாடகை கொடுத்தே பழகியவர் அவர். விவேக் நகர்த் தேவாலயத்துக்குப் பின்புறத் தெருவில் பிறந்து, அதே பகுதியில் ஐந்து வீடுகள் மாறி, கடைசியாக நோரா என்பவரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் தாயுடன் குடியிருந்தார். ஒரு தனியார் தொழிற்சாலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் தொலைபேசி இணைப்பாளர் வேலை. நாளொன்றுக்கு இருநூறு குரல்களை ஒன்றோடொன்று சேர்த்துவைத்துவிட்டுத் தாம் விலகிக்கொள்வார். பிறர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது அவ்வேலையின் முதல் விதி. தாயின் நோய் நீண்டது. திருமணப் பேச்சு நின்றது. 1998இல் தாய் இறந்தார். மூன்றாண்டு கழித்துத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. கையில் ஒரு தொகை வந்து சேர்ந்தது.

அத்தொகைக்குத் தனி வீடு ஒன்று வாங்கியிருக்கலாம். அவருக்கு மனம் வரவில்லை. சுவருக்கு அப்பால் யாரேனும் பாத்திரம் உருட்டும் ஓசை வேண்டும். மாடிப்படியில் ஏறி இறங்கும் காலடி வேண்டும். கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு குடித்தனங்கள் கொண்ட கோவிந்தப்பாவின் வீடு விலைக்கு வருகிறது என்று தரகர் உமேஷ் சொன்னபோது, பிரிஜெட் அன்றே மனத்துக்குள் குடிபுகுந்துவிட்டார். மாடி முன்பகுதியில் இருப்பவரைக் காலி செய்யச் சொல்லி அது தமக்கு; மற்ற மூன்றின் வாடகை சாப்பாட்டுக்கு. விலை சற்றுக் குறைவாகவே இருந்தது. ஏன் குறைவு என்று அவர் கேட்கவில்லை.

குடியிருப்பவர்களிடமும் கேட்கவில்லை. அதற்கு உமேஷ் முன்னரே அணை கட்டியிருந்தார்.

"மேடம், இப்பவே அவங்ககிட்ட வாய் குடுக்காதீங்க. வூடு கை மாறுதுன்னு தெரிஞ்சா, கொழா ரிப்பேரு, கதவு ரிப்பேருன்னு பெரிய லிஸ்ட்டே போடுவாங்க. நாலும் ஃபுல்லு. இந்த ஏரியாவுல ரெண்டாயிரத்துக்குக் கம்மியா எங்க இருக்கு வாடகை? கவலைய விட்டுட்டு ஆராமா இருங்க."

கிரயப் பத்திரம் கன்னடத்தில் எழுதப்பட்டிருந்தது. பிரிஜெட் கன்னடம் பேசினால், கன்னடர் நிறைந்த மல்லேஸ்வரத்துக்காரர்களே வேற்றுமை காண மாட்டார்கள். ஆனால் அவருக்கு அம்மொழியின் எழுத்து தெரியாது. ஆங்கிலப் பள்ளி, தமிழ் வழிபாடு, கன்னடக் கடைவீதி என்று வளர்ந்த பலரைப் போலவே, அரை நூற்றாண்டாகப் பேருந்தின் எண்ணைப் பார்த்தே ஊர் சுற்றியவர். அதைப் பதிவு அலுவலகத்தில், அத்தனை பேர் நடுவில், சொல்ல நாணினார். "நீங்களே சத்தமா படிச்சிருங்க உமேஷ், கண்ணாடி கொண்டு வரல" என்றார். உமேஷ் படித்தார். நடுவில் ஒரு பத்தியை மட்டும் அவர் கண்கள் தாண்டிச் சென்றன. பிரிஜெட் கையொப்பமிட்டார்.

ஜூன் முதல் தேதிக்கு வருவோம்.

கீழ் முன்பகுதியில் முத்தம்மா இருந்தார். சமையல் வேலைக்கு நான்கு வீடுகளுக்குச் செல்பவர், கணவரை இழந்தவர். ரசீதுப் புத்தகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா இது, வாடகையா? நாங்க லீஸும்மா!"

"லீஸா?"

"கோவிந்தப்பா கையில எம்பதாயிரம் எண்ணிக் குடுத்தேன். இந்த டிசம்பரோட மூணு வருஷம். அதுவரைக்கும் ஒத்த ரூபா வாடகை கெடையாது. பணத்த நீங்க குடுத்தா நான் சாவியைக் குடுப்பேன். ஏம்மா, இதுகூடத் தெரியாமலா வூடு வாங்கினீங்க?"

பெங்களூரில் இவ்வழக்கம் எல்லாருக்கும் தெரியும். குடிவருபவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பார். கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் அத்தொகையை அப்படியே திருப்பித் தர வேண்டும். பிரிஜெட்டுக்கும் தெரியும். ஆனால் வாழ்நாள் முழுவதும் முதல் தேதியன்று வாடகையை உறையிலிட்டுக் கொடுத்தவருக்கு, தம் வீட்டில் வாடகை இல்லாமல் மனிதர்கள் இருப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

நான்கில் மூன்று லீஸ். மாடிப் பின்பகுதியில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் கிருஷ்ணப்பா மட்டுமே வாடகைக்காரர். அவருடைய பதினெட்டாயிரம் முன்பணமும் கோவிந்தப்பாவிடம் போயிருந்தது. அவர் ஆயிரத்து எண்ணூறு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, "வாங்கம்மா, உக்காருங்க. நாலு வூட்டு ஓனரம்மாவுக்கு நான் ஒருத்தன்தான் படியளக்கறேனா?" என்று சிரித்தார். பிரிஜெட் அன்றைய ஒரே ரசீதை எழுதிக் கொடுத்தார்.

பிரிஜெட் நேரே போய்க் கேட்டபோது உமேஷ் பதறவில்லை. "எட்டாவது பாராவுல இருக்கே மேடம், லீஸ் பணத்தையெல்லாம் திருப்பிக் குடுக்கறது வூடு வாங்கறவங்க பொறுப்புன்னு. அதனாலதானே ரேட்டு கம்மி! நீங்களும் தலையாட்டினீங்களே."

"நீங்க அதைப் படிக்கலை உமேஷ்."

"நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன். விடுங்க. பெரிய தொகைக்குப் புது பார்ட்டி பிடிப்போம். அவங்க பணத்துல பழைய பார்ட்டிய அனுப்புவோம். மூணு வருஷம் கழிச்சு இன்னொரு பார்ட்டி. இந்த ஊர்ல பாதி ஓனருங்க வண்டி இப்படித்தான் ஓடுது."

அன்று மாலை நோராவிடம், அறையை இன்னும் சில மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று பிரிஜெட் கேட்டார்.

"ஐயோ பிரிஜெட்டு! நீ காலி பண்றேன்னு சொன்னதை நம்பித்தானே அட்வான்ஸ் வாங்கினேன். புதுசா வர்ற பசங்க அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி பெட்டியோட வந்து நிப்பாங்க. சொந்த வூடு வாங்கினவ இப்படிக் கேக்கலாமா? ஊரே உன்னைப் பாத்துப் பொறாமைப்படுது!"

ஆகவே ஜூன் முப்பதாம் தேதி, நான்கு குடித்தனங்களின் சொந்தக்காரி மகளிர் விடுதியொன்றில் ஒரு கட்டிலுக்குக் குடிபெயர்ந்தார். கிருஷ்ணப்பாவின் வாடகை அக்கட்டிலுக்கும் இரு வேளைச் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. தாயின் அலமாரியை வைக்க இடமில்லாமல் விற்றுவிட்டார்.

அறையில் இருந்த மற்ற மூவரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள். காலை ஏழரைக்கு எலெக்ட்ரானிக் சிட்டி செல்லும் நிறுவனப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். அவர்களுள் ஒருத்தி விஜி.

"ஆன்ட்டி, உங்களுக்கு எந்த ஊரு?"

"இந்த ஊர்தான்."

"அப்புறம் எதுக்கு ஹாஸ்டல்ல இருக்கீங்க?"

பிரிஜெட் துணி மடிப்பதில் கவனமாக இருந்தார்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் ஈஜிபுரத்துக்கு நடப்பார். எதிர்ப்புறத் தேநீர்க் கடையின் ஓரத்தில் நின்று வீட்டைப் பார்ப்பார். மாடியில் யாரோ துணி உலர்த்துவார்கள். முத்தம்மாவின் வாசலில் இரண்டு பெண்கள் பூத் தொடுத்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் விரும்பி வாங்கிய ஓசைகள் அத்தனையும் அங்கே இருந்தன. ஆனால் அவர் வாயிற்கதவைத் திறந்தவுடன் பேச்சு நின்றுவிடும். "ஓனரம்மா வந்துட்டாங்க" என்று ஒருவர் மற்றவருக்குக் கண் காட்டுவார். நாற்காலி வரும்; தண்ணீர் வரும்; தொட்டி கசிகிறது என்ற புகார் வரும். பிறகு அனைவரும் அவர் எப்போது எழுந்திருப்பார் என்று காத்திருப்பார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் அவர் அங்கே உட்கார்ந்ததில்லை.

டிசம்பர் வந்தது. முத்தம்மா ஓசூரில் மகனிடம் சென்றுவிட ஆயத்தமாக இருந்தார். "பணம் வந்தா நாளைக்கே கெளம்பிடுவேன். வரலைன்னா இங்கதான் கெடப்பேன். உங்களைக் கொற சொல்ல மாட்டேம்மா, ஆனா விட்டுட்டும் போக மாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அம்மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று பிற்பகலில், உமேஷ் ஒரு தம்பதியரை அழைத்து வந்தார். அருண்குமார், தர்ஷினி; திருமணமாகி ஏழு மாதம்; கரூர்ப் பக்கம். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மூன்றாண்டு லீஸ். தர்ஷினியின் தந்தை நிலத்தில் ஒரு துண்டை விற்று அனுப்பிய பணம் அது.

வழியிலேயே உமேஷ் கணக்கைப் பிரிஜெட்டின் காதில் போட்டிருந்தார். முத்தம்மாவுக்கு எண்பதாயிரம், கிருஷ்ணப்பாவுக்கு முன்பணம் பதினெட்டாயிரம், அவர் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், அவருடைய மாடிப் பின்பகுதி பிரிஜெட்டுக்கு, மீதம் ஐம்பத்திரண்டாயிரம். "கிறிஸ்துமஸுக்கு நீங்க மாடியில ஸ்டார் கட்டலாம் மேடம்."

தம்பதியர் முத்தம்மாவின் பகுதியைச் சுற்றிப் பார்த்தனர். சமையலறை ஜன்னலைத் திறந்து மூடினர். தர்ஷினிக்கு வீடு பிடித்துவிட்டது என்பது அவள் அலமாரித் தட்டுகளைக் கையால் அளந்ததிலேயே தெரிந்தது.

"ஆன்ட்டி, நீங்களும் இங்கேயே மாடிக்கு வந்துடுவீங்களாமே? நல்லதாப் போச்சு. எனக்கு இங்க யாரையும் தெரியாது. இவர் ஆபீஸ் போனா நான் சுவரைப் பாத்துத்தான் பேசணும்" என்றாள்.

அந்த ஆறு மாதத்தில், பிரிஜெட் அவ்வீட்டுக்குக் குடிவருவதை விரும்பிய முதல் ஆள் அவள்.

அருண்குமார் பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தான். உமேஷ் ஒப்பந்தத்தை விரித்துப் பேனாவை நீட்டினார். தர்ஷினி கணவனின் கையை மெல்லத் தடுத்தாள்.

"ஒரு நிமிஷங்க. தப்பா நெனச்சுக்காதீங்க ஆன்ட்டி. எங்கப்பா கேக்கச் சொன்னாரு."

"அதெல்லாம் பத்திரத்துலயே இருக்கும்மா" என்று உமேஷ் குறுக்கிட்டார்.

"நான் ஆன்ட்டியைக் கேக்கறேன். மூணு வருஷம் கழிச்சு நாங்க காலி பண்ணும்போது, இந்தப் பணத்தைத் திருப்பிக் குடுக்க உங்ககிட்ட இருக்குமா?"

உமேஷ் பிரிஜெட்டைப் பார்த்தார். உள்ளே முத்தம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"இருக்காதும்மா" என்றார் பிரிஜெட்.