பால் குடித்த ரிமோட்

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்தில், கால்நடைக் கல்லூரியின் பெரிய கூடத்துக்குப் பின்புறம், படி ஏறினால் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அதற்குள் சைராகுல்தான். மைக், திரை, புரொஜெக்டர் எல்லாம் அவள் பொறுப்பு. யாராவது முனைவர் பட்டத்துக்காக அறிஞர் குழுவின் முன் நின்று பேசினால், ஸ்லைடு தள்ளுவதும் அவள்தான். பொறுமை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற பெண். பேசுகிறவர் "அடுத்தது" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் விரல் கம்ப்யூட்டரைத் தட்டியிருக்கும். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

"ஆட்டுக் குடல் புழுவைப் பத்தி இதோட நாப்பத்தி மூணு பேர் பேசியாச்சு. எந்த இடத்துல இருமுவாங்கன்னுகூட எனக்கு அத்துப்படி" என்பாள்.

கொஞ்ச காலமாகப் பேசுகிறவர்களே கையில் ரிமோட் வைத்துக்கொள்கிறார்கள். சைராகுலுக்கு வேலை குறைந்தது, வாய் குறையவில்லை. கெட்டுப்போன ரிமோட் எல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். திட்டிக்கொண்டே பிரிப்பாள், திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுப்பாள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், காலை ஒன்பது மணிக்கு, ஆராய்ச்சி மாணவி பெர்மெத் கூண்டின் கதவைத் தட்டினாள். பின்னாலேயே அவள் அம்மா அசில்கான். நாரின் என்ற ஊர்ப் பக்கத்து மேய்ச்சல் மலையிலிருந்து முந்தின நாள்தான் வந்து இறங்கியவள். பதினொரு மணிக்கு மகள் குழுவின் முன் நிற்க வேண்டும். செம்மறியாட்டின் குளம்பு அழுகும் நோய் பற்றி ஏழு வருட உழைப்பு.

"அக்கா, இ... இது..." பெர்மெத் ரிமோட்டை நீட்டினாள். மேற்கொண்டு வார்த்தை வரவில்லை.

"அழுத்தினா நகரமாட்டேங்குதாம்" என்றாள் அம்மா.

"ந... நானே..."

"தானே சொல்லிக்கிறாளாம். சின்ன வயசுலேருந்து திக்குதும்மா இவளுக்கு."

"அதுக்கென்ன?" என்றாள் சைராகுல். "ரிமோட் போனா போகட்டும். நான் இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்? நீ கேக்கவே வேணாம், நான் பாத்துத் தட்டிவிட்டுடறேன்."

பெர்மெத் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். நிறைய நேரம் பிடித்தது, நடுவில் இரண்டு தடவை அம்மா குறுக்கே புகுந்தாள். விஷயம் இதுதான். ஆடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் பேச்சு ஓரளவு ஓடிவிடும். ஆனால் இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் தொண்டை பூட்டிக்கொள்ளும். இருபத்தெட்டு ஸ்லைடு, இருபத்தேழு தடவை "அடுத்தது" என்று கேட்க அவளால் ஆகாது.

"யாராவது பாத்துத் தட்டினா... அதுவும் வேணாங்கா. பொறந்ததுலேருந்து என் பேச்சை எல்லாரும் மு... முடிச்சு வெச்சிடறாங்க. இன்னிக்கு ஒரு நாள் என் கையால நடக்கணும்."

சைராகுலுக்குச் சுருக்கென்றது. மேசை விளக்கைப் போட்டாள்.

பேட்டரி மூடியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்தாள். அதற்கடியில் ஒளிந்திருந்தது திருகாணி. அதைக் கழற்றிவிட்டு, பழைய பஸ் அட்டையை ஓரத்தில் செருகி நெம்பினாள். "திற கழுதை, உனக்கு என்ன வெட்கம்?" டக் டக்கென்று கொக்கிகள் விட்டன. மேல் ஓடு கையோடு வந்தது.

வந்ததும் மூக்கில் ஏறிய வாடை! சைராகுல் சர்க்யூட் போர்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எந்தக் கிர்கிஸ்காரிக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரிகிற வாடை. புளித்த குதிரைப்பால். பட்டனைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்து பசை கட்டியிருந்தது. அடியில் செம்புக் கோடு பச்சை பூத்திருந்தது.

"ரிமோட்டுக்குப் பால் குடுத்தது யாரு?"

அசில்கான் தரையைப் பார்த்தாள். "புதுப் பொருளாச்சே. நம்ம வழக்கப்படி வெள்ளையா பால் தெளிச்சா போற வழி நல்லாருக்கும்னுதான். நேத்து சாயங்காலம், ரெண்டே ரெண்டு சொட்டு."

"ரெண்டு சொட்டா? ஒரு கன்னுக்குட்டியைக் குளிப்பாட்டியிருக்கலாம் இதுல!"

"அம்மா!" பெர்மெத்தின் முகம் சிவந்துவிட்டது. "ஏ... ஏன் எ..."

"ஏன் என்னைக் கேக்கலன்னு சொல்றா" என்றாள் அசில்கான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நல்லதுக்குத்தான்டி தங்கம் செஞ்சேன்."

"அவளே சொல்லட்டுமே! உங்களுக்கு என்ன அவசரம்?" என்று சைராகுல் எரிந்து விழுந்தாள்.

சைராகுல் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு பசையைத் துடைத்து எடுத்தாள். பட்டனுக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச் உள்ளே அமுங்கி எழும்பாமல் கிடந்தது. இழுப்பறையில் கிடந்த செத்த மவுஸ் ஒன்றிலிருந்து அதே மாதிரி ஒன்றைப் பிடுங்கினாள். அதை ஈயம் உருக்கிப் பற்றவைக்கும்போது பெர்மெத் குனிந்து, "அக்கா, இது தா... தா..." என்று ஏதோ கேட்க வந்தாள்.

"தாங்கும், தாங்கும்."

சொல்லி முடித்ததும் சைராகுலின் கை அப்படியே நின்றது. ஒரு நிமிஷம் முன்னால்தான் அந்தக் கிழவியின் மேல் பாய்ந்தாள்! இப்போது தானும் அதையேதான் செய்திருக்கிறாள். இந்தப் பெண் என்ன கேட்க வந்தாளோ? திரும்பிக் கேட்கலாமென்று பார்த்தாள். பெர்மெத் ஜன்னல் பக்கம் போய்விட்டிருந்தாள்.

மூடி, திருகாணி, பேட்டரி. பன்னிரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். பன்னிரண்டு தடவையும் திரை நகர்ந்தது.

பதினொரு மணிக்குக் கூடம் நிரம்பியது. முன்வரிசையில் குழு, நடுவில் தலைவர். அவர் ஓர் அவசரக்காரர். கடைசி வரிசையில், கூண்டுக்கு நேர் கீழே, அசில்கான். பெர்மெத் முதல் வாக்கியத்தில் தடுக்கினாள், இரண்டாவதில் தடுக்கினாள், அப்புறம் ஆடுகள் வந்ததும் பேச்சு பிடித்துக்கொண்டது. அழுத்த அழுத்த ஸ்லைடு நகர்ந்தது. சைராகுல் கூண்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினேழாவது ஸ்லைடில் பெர்மெத் அழுத்தினாள், திரை நகரவில்லை. இன்னொரு தடவை, பலமாக. நகரவில்லை. ஈயம் விட்டுப்போயிருக்கும், அரித்த செம்பு எவ்வளவு தாங்கும்? பெர்மெத்தின் தோள் மேலே ஏறியது, வாய் திறந்து அப்படியே நின்றது. தலைவர் மைக்கை இழுத்தார்.

பெர்மெத்தின் கட்டைவிரல் மூன்றாவது தடவையாக இறங்கியது. சைராகுல் தட்டினாள். திரை நகர்ந்தது.

அதன் பிறகு அவள் திரையைப் பார்க்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் கை அரித்தது. பத்தொன்பது வருடப் பழக்கம், சும்மா விடுமா? விரல் இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இருபத்து மூன்றாவது ஸ்லைடு ஓர் ஆட்டின் அழுகிய குளம்பு, மங்கிப்போன பழைய போட்டோ. பெர்மெத் சொல்ல வேண்டியதைச் சொல்லி நிறுத்தினாள். விரல் இறங்கவில்லை. சைராகுலின் விரல் துடித்தது. பெர்மெத் முன்பே கூண்டுக்கு எழுதிக் கொடுத்திருந்த பேச்சில் இந்த ஸ்லைடுக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை, சைராகுலுக்குத் தெரியும். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். தட்டிவிடலாமா? சைராகுல் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இந்த ஆடு..." என்றாள் பெர்மெத். "இந்த ஆடு எ... எங்க வீட்டு ஆடு. ஒரே கோடையில முப்பத்தி ஒண்ணு போச்சு. இதை அறுத்த அன்னிக்கு எங்கம்மா தொழுவத்துக்குள்ள போய் க... கதவைச் சாத்திக்கிட்டு அழுதாங்க. எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. அன்னிக்குத்தான் இதைப் படிக்கணும்னு மு... முடிவு பண்ணேன்."

கட்டைவிரல் இறங்கியது. சைராகுல் தட்டினாள்.

ஓட்டு எண்ணி முடித்தார்கள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. விருந்துக்கு எல்லோரும் கிளம்பும் நேரத்தில் பெர்மெத் அம்மாவோடு கூண்டுக்கு ஏறி வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அடைத்துக்கொண்டது. சைராகுல் பேசாமல் இருந்தாள். அசில்கானும் ஒன்றும் சொல்லவில்லை.

"அ... அது பதினேழுலயே செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்கா."

சைராகுலின் முகம் சுண்டிப்போனது. "மன்னிச்சுக்கோ கண்ணு. உன் கையால நடக்கணும்னு கேட்டே. நான் வெச்ச ஈயம்தான் நிக்கல."

"என் கையாலதான் நடந்துச்சு. நான் அழுத்தினப்புறம்தான் ஒ... ஒவ்வொண்ணும் நகந்துச்சு. நீங்க ஒரு தடவைகூட முந்தல."

அவ்வளவுதான், சைராகுலுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. மறைக்கவும் இல்லை அவள். பெர்மெத்தைக் கீழே யாரோ கூப்பிட்டார்கள், இறங்கிப் போனாள்.

அசில்கான் போகவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் படிப்பு எதுக்குன்னு ஏழு வருஷமா ஊர்ல கேக்காத ஆளில்ல. டவுன்ல வேலை கிடைக்கும், அதுக்குத்தான்னு நானே சொல்லிட்டிருந்தேன். நான் அப்படிச் சொல்றப்போ அவ பக்கத்துலதான் நிப்பா." அவளுடைய குரல் இறங்கிவிட்டது. "நான் அழுததை அவ பாத்தாங்கிறதே எனக்கு இன்னிக்குத்தாம்மா தெரியும்."