மூன்று வாய்த் தண்ணீர்

ஜாலான் புசார் பக்கம் மங்களத்தைப் பற்றி விசாரித்தால், "அவளா? நெஞ்சுல ஈரமே கிடையாது" என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை அவளுக்கு. சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பிறகு உறவுக்காரர்கள் ஓடிவந்து, "கடைசியா என்ன சொன்னாரு? என்னைக் கேட்டாரா?" என்று அவள் கையைப் பிடிப்பார்கள். "ஒண்ணும் சொல்லலம்மா. தூங்கிட்டே போயிட்டாரு" என்பாள். கேட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்? ஊர் கேட்கும். ஊருக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விடும்.

அவள் புருஷன் அழகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் ஒரு நாள் கப்பலின் அடித்தட்டில் தவறி விழுந்தார். வீட்டுக்கு உடல்தான் வந்தது. மங்களத்தின் மனதில் ஒரே ஒரு கேள்வி நின்றது. போகிற உயிருக்கு வாயில் தண்ணீர் விட ஆள் இருந்ததா? கட்டியவள் கையால் இல்லாவிட்டாலும் யார் கையாலாவது? தாகத்தோடு போன உயிர் வாசலைவிட்டு நகராது என்று சொல்லித்தானே அவளை வளர்த்திருந்தார்கள்.

அப்போது பரமசிவம் வந்தார். அழகப்பனோடு வேலை பார்த்தவர். உதவி என்றால் முதல் ஆளாக நிற்பார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அழாத தங்கச்சி. நான் பக்கத்துலதான் இருந்தேன். தலையை என் மடியில வச்சுக்கிட்டேன். தண்ணின்னு கேட்டாரு. மூணு வாய் குடிச்சிட்டுத்தான் கண்ணை மூடினாரு."

அந்த மூன்று வாய்த் தண்ணீரை வைத்துத்தான் மங்களம் பிழைத்துக் கிடந்தாள். ஆயா வேலையில் சேர்ந்தாள். ஒவ்வொரு வருஷமும் திதியன்று பரமசிவத்துக்குத்தான் முதல் இலை. சாப்பிட்டு முடித்ததும் அவரை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பாள். அவரும் சலிக்காமல் சொல்வார்.

நான்கு வருஷம் போயிற்று. அதே துறைமுகத்தில் சிவகாமசுந்தரி என்பவளின் புருஷன்மேல் ஒருநாள் காலை பாரம் அறுந்து விழுந்தது. வேலை முடிந்து மங்களம் துக்கம் கேட்கப் போனாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பரமசிவமும் வந்தார்.

"அழாத தங்கச்சி. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார். மடி, தலை, தண்ணீர். மூன்று வாய்.

மங்களம் அவர் கன்னத்தைப் பார்த்தாள். அன்று காலை முழுக்கப் பரமசிவம் பல்வலி தாங்காமல் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவளே காப்பி வாங்கிக் கொடுத்திருந்தாள். வீங்கிய கன்னம் இன்னும் வடியவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன்.

வெளியே வந்ததும் வழிமறித்தாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரர் விழுந்தப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

அவர் முகம் கொஞ்சமும் சுருங்கவில்லை. "இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஆறுதலுக்குச் சொல்றது லா. உனக்குச் சோறு இறங்குச்சா இல்லையா?"

"அவரு தண்ணி குடிச்சாரா?"

"குடிச்சிருப்பாரு. குடிக்காமலும் போயிருக்கலாம். அதெல்லாம் யாரு பாத்தா?"

உண்மையை மறைத்து வைத்திருக்கிறவனிடம் சண்டை போட்டாவது அதைப் பிடுங்கிவிடலாம். இவரிடம் பிடுங்க ஒன்றுமே இல்லை. எது நடந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்குத் தோன்றியதுகூட இல்லை. மங்களம் சிவகாமசுந்தரியிடம் திரும்பிப் போய், "அவரு அங்க இல்லம்மா, எங்கூட ஆஸ்பத்திரியில இருந்தாரு" என்றாள். அந்த வீட்டுப் பெண்கள் அவளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். ஈரமில்லாதவள் என்ற பெயர் அங்கே பிறந்ததுதான்.

அன்று முதல் அழகப்பன் திரும்பி வந்துவிட்டார். அவள் குழாயைத் திறந்தால் முதுகுக்குப் பின்னால் நிற்பார். உதடு வெடித்திருக்கும். கேட்கமாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். கூட வேலை செய்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தாள். யாரும் பார்க்கவில்லை. சொம்பைத் தூக்கினால் பாதிக்குமேல் அவளுக்குத் தொண்டையில் இறங்காது.

அறுபத்தாறில் பரமசிவம் அவள் வார்டுக்கே வந்து சேர்ந்தார், நுரையீரல் கெட்டு. மனைவி முத்தாயி ஒருநாள் மத்தியானம் கஞ்சி எடுத்துவரக் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நல்லா வேணும் என்று ஒரு கணம் மங்களத்துக்குத் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே கரண்டியில் தண்ணீர் எடுத்தாள்.

முத்தாயி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தூக்குச்சட்டியைக் கீழே போட்டுவிட்டு மங்களத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ இருந்தியா? தண்ணி குடிச்சாரா? குடிச்சாருன்னு சொல்லு மங்களம்!"

மூணு வாய் குடிச்சாரு. நுனி நாக்குவரை வந்துவிட்டது. முத்தாயிக்குப் பின்னால் அழகப்பனும் நின்றுகொண்டு அவள் வாயையே பார்த்தார்.

"இருந்தேன் மதினி. வாயில விட்டேன், உள்ள இறங்கல. மறுபடி விட்டேன், வழிஞ்சிருச்சு. துடைச்சுவிட்டேன். போறவரைக்கும் கையைப் பிடிச்சிட்டிருந்தேன்."

முத்தாயி ஓங்கி அடிப்பாள் என்றுதான் மங்களம் நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. "துடைச்சியா?" என்றாள். பிறகு கட்டிலில் கிடந்த ஈரத்துணியை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

நடந்தது தெரிந்து அழுகிறவளைப் பார்க்க மங்களத்துக்குப் பொறாமையாக இருந்தது.