நடுக் கட்டத்துக்கு ஒரு பெயர்

துபாய் கராமாவில் ஒரு மகப்பேறு கிளினிக். நர்ஸ் வெளியே வந்து "ராமசாமி" என்று கூப்பிடுவார். நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மகள் கயல் எழுந்து போவாள். ராமசாமி என் அப்பா. கும்பகோணத்தைத் தாண்டாதவர், காலமாகிவிட்டவர். இங்கே மாதாமாதம் அவர் பெயரில் இரத்த அழுத்தம் பார்த்தார்கள்.

தவறு என்னுடையது. ஊரில் ஓர் எழுத்து போதும், சி. கயல் என்றால் தீர்ந்தது. இங்கே படிவத்தில் முதல், நடு, கடைசி என்று மூன்று கட்டங்கள்; கூப்பிடுவது கடைசிக் கட்டத்துப் பெயரை. முப்பது வருடம் ஒரு கம்பெனிக்கு விசா, லேபர் கார்டு வேலை பார்த்தவன் நான். காலிக் கட்டம் கண்ணை உறுத்தும். கயல் பிறந்தபோது, அரபிகள் வழக்கப்படி நடுவில் என் பெயரையும் கடைசியில் அப்பா பெயரையும் எழுதினேன். கயல் சிதம்பரம் ராமசாமி. கைக்குழந்தையிடம் யார் கருத்துக் கேட்பார்கள்?

இப்போது அவளுக்கு ஒரு பெண். இனியா என்று பெயர் முடிவாகி, நடுக் கட்டமும் கடைசிக் கட்டமும் பாக்கி.

"நடுவுல செந்தில், கடைசில சம்பந்தி வேலுச்சாமி. அதான் ப்ரொசீஜர்" என்றேன்.

"பத்து மாசம் நான் ராமசாமியா இருந்தேன்ப்பா. இவளும் எங்கயாவது போய் வேலுச்சாமின்னு நிக்கணுமா?"

மருமகன் செந்தில் எந்தக் கட்சியிலும் சேராமல் டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தார்.

கடைசிக் கட்டம் செந்திலுக்கு என்று முடிவானது. நடுவுக்கு ஒரு வாரம் ஒவ்வொரு பெயராகச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தோம். இனியா தாமரை நன்றாக இருந்தது, ஆனால் சோப்பு விளம்பரம் போலவும் இருந்தது. இனியா தமிழரசி பட்டிமன்றத் தலைப்பு. ஏழாம் நாள், பால் கொடுத்துக்கொண்டே கயல் மெல்லச் சொன்னாள்: "இனியா கயல் செந்தில்."

"நல்லாருக்கு" என்றார் செந்தில் நிமிராமல்.

"அம்மா பேரை இங்க யாரும் நடுவுல போடறதில்லம்மா. பிறப்புச் சான்றிதழ் கவுண்டர்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். அவ பேர்ல நானும் இருக்கணும்ப்பா. பெத்தது நான்தானே?"

ஆட்சேபணை வந்தால் நீட்ட அட்டெஸ்டேஷன் செய்த தாள்களை ஒரு கோப்பு நிறைய எடுத்துப் போனேன். கவுண்டரில் ஓர் அரபுப் பெண், "கயல், பாதர்?" என்றார்.

"நோ. மதர்."

"மதர்ஸ் பாதர்?" என்று என்னைப் பார்த்தார். நான் கோப்பைத் திறந்தேன்.

"நோ. மதர். மீ" என்றாள் கயல்.

அவர் குழந்தையைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ். கலாஸ், பினிஷ்" என்று முத்திரை குத்தினார். என் தாள்களில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. சற்று வருத்தம்தான்.

ஊருக்குப் போனால் இவள் வெறும் செ. இனியா, பள்ளிக்கூடப் பதிவேட்டில் கயலுக்கு இடமிருக்காது. டாக்ஸியில் சான்றிதழை மடியில் விரித்துப் பார்த்தேன். ஆங்கிலப் பெயர் இடப்பக்கமிருந்து ஓடுகிறது, அரபுப் பெயர் வலப்பக்கமிருந்து. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நடுவில் என் மகள் நிற்கிறாள்.