பல்லக்காவின் பல்லக்கு

செய்தி முதலில் என்னிடம்தான் வந்தது. அதுதான் பிரச்சினை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பழக்கமில்லாத ஒரு பெரியவரின் குரல். "மேனேஜர்தானே?" என்றது. வாய் நிறைய நுரையோடு ஆமாம் என்றேன். "நான் வைதேகியோட அண்ணா பேசறேன். அவ போன்ல மேனேஜர்னு போட்டு உங்க நம்பர் இருந்தது. விடிகாலையில போயிட்டாம்மா. சொல்ல வேண்டியவாளுக்கெல்லாம் சொல்லிடுங்கோ." அவர் என்னைக் கிளினிக் மேனேஜர் என்று நினைத்துவிட்டார். நான் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவள். பல் டாக்டர் வைதேகியின் காருக்கு மட்டும்தான் மேனேஜர். அந்த உத்தியோகம் கிடைத்த கதை பின்னால் வரும்.

எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டின் வாட்ஸப் குழுவில் 'பல்லக்கா போயிட்டாங்க' என்று போட்டேன். முதலில் வந்த பதில், 'எங்க, இத்தாலிக்கா?' கூடவே ஒரு சிரிக்கும் மூஞ்சி. அடுத்தது, 'காலங்கார்த்தாலயே ஆரம்பிச்சுட்டியா.' அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து, "ஏட்டி, எதுல விளையாடணும்னு ஒரு கணக்கு கிடையாதா?" என்றாள். 'இந்த லிஃப்ட் மேலே மட்டும் போகும்' என்று எழுதி ஒட்டி, கீழே போக வேண்டியவர்களையெல்லாம் படியில் இறங்கவைத்தவள் நான். என் பேச்சை யார் நம்புவார்கள்? பல்லக்காவின் அண்ணாவே எல்லோருக்கும் போன் செய்த பிறகுதான் மற்றவர்கள் அழ ஆரம்பித்தார்கள். அதற்குள் நான் தனியாக அழுது முடித்திருந்தேன்.

நம் பேட்டைப் பத்திரிகையில் இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேரின் வாய்க்குள் அவர் விரல் போயிருக்கும். அதனால் அறிமுகம் அதிகம் வேண்டாம். ஆனால் பெயரின் கதை எல்லோருக்கும் தெரியாது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாமி என்று கூப்பிட்டால், "மாமா எங்கேன்னு கேப்பா, நான் எங்கே போய்த் தேடறது?" என்பார். சின்ன வகுப்பில் படித்தபோது நான் பல் அக்கா என்று கூப்பிட, அது ஒரே வாரத்தில் பல்லக்கா ஆகி, ஃப்ளாட் முழுக்கப் பரவியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னால் கார் வாங்கியதும், "நான் பல்லக்கான்னா, கீழே நிக்கறது என் பல்லக்குடி" என்றார்.

கீழே நின்றது ஓர் இத்தாலியக் கார். மாதுளை முத்தின் சிவப்பு. இரண்டே இரண்டு இருக்கை. தலைக்கு மேல் தகரம் கிடையாது, மடித்து விரிக்கும் துணிக்கூரைதான். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். கார் வந்த அன்று எதிர்வீட்டு மாமி ஒருவர் அதைச் சுற்றிவந்து பெருமூச்சு விட்டு, "எல்லாம் இருக்கு, கழுத்துல ஒரு தாலி ஏறலையே வைதேகி" என்றார். பல்லக்கா சாவியை ஆட்டிக் காட்டினார். "எனக்கு இத்தாலி போதும் மாமி."

வார்த்தையில் விளையாடுவது என் ஏகபோகம் என்று நினைத்திருந்த எனக்கு அன்று போட்டிக்கு ஆள் வந்துவிட்டது.

எதற்காக மூடி இல்லாத கார் என்று கேட்டேன். "வானம் பார்க்க" என்றார். அவருடைய கிளினிக்குக்குப் போனவர்களுக்குத் தெரியும், நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் மட்டும் நீல நிறம் அடித்து வெள்ளை மேகம் வரைந்திருக்கும். ஊசி போடும்போது, "மேகத்தைப் பார்த்துண்டிருங்கோ" என்பார். "படுத்திருக்கறவாளுக்கு மேகம், எனக்கு நாள் பூரா கடவாய்ப்பல். சாயங்காலமாவது நிஜ வானத்தைப் பார்த்துண்டு வீட்டுக்கு வரணும்னுதான் இந்தக் கார்."

நடந்ததோ வேறு. அந்தக் காரின் வயிறு ரோட்டிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. வேகத்தடை வந்தால் நண்டு மாதிரி கோணலாக ஏற வேண்டும். பாதாளச் சாக்கடை மூடி, நேற்று வெட்டி இன்று மூடாத பள்ளம், மழைத்தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்ற சந்தேகம், இவற்றில் எதையும் தவறவிடக் கூடாது. மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போய்த் திரும்பினால் கண் வலிக்கும். "வானம் பார்க்க வாங்கினேன், ரோட்டைத்தான் பார்க்கறேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அடிக்கடி சொல்வார். ஒருநாளாவது அந்தக் காரில் அண்ணாந்து உட்கார்ந்து போக வேண்டும் என்பது அவருக்கு வெறும் பேச்சு இல்லை என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

காரின் மற்ற குணங்களோடு அவர் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டார். கூரையை மடித்தால் டிக்கியில் கொத்தமல்லிக்கட்டுக்குக்கூட இடம் இருக்காது. ஆகவே தண்ணித்துறை மார்க்கெட்டில் வாங்கிய பலாப்பழம் இடது இருக்கையில் உட்கார்ந்து வரும். கனம் தெரிந்தால் கார் விடாமல் கத்தும், அதனால் பலாப்பழத்துக்கு சீட் பெல்ட் போட்டிருப்பார். ஹாரனோ சங்கீதம் மாதிரி மெல்லிசு. நம்மூரில் அதைக் கேட்டு ஒரு மாடுகூட நகராது. துணிக்கூரை தனக்குத் தோன்றினால்தான் நகரும். ஒரு மழைநாளில் லஸ் முனையில் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூட மூடு இல்லை போலிருக்கு" என்றேன். "மூடு" என்றார். காரையா என் வாயையா என்று கடைசிவரை தெரியவில்லை. பறக்கும் ரயில் பாலத்துக்கு அடியில் வண்டியை ஒதுக்கிவிட்டு, கேரியரில் இருந்த தயிர்சாதத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம். மேலே ஒரு ரயில் போனது. இடிதான் இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

திறந்த காரில் போகிறவருக்கு அந்தரங்கம் கிடையாது. அடையாறு சிக்னலில் ஒருநாள் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "டாக்டரம்மா, நீங்க கட்டின பல்லு இன்னும் கூசுதும்மா" என்றார். பல்லக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "எங்கே, நன்னாத் திறங்கோ" என்றார். அவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே வாயைப் பிளந்தார். பின்னால் இருந்த பஸ் முழுக்க அந்த வாயை எட்டிப் பார்த்தது. "இடது பக்கம் கடிக்காதேள், வியாழக்கிழமை வாங்கோ" என்றபோது பச்சை விழுந்தது. திறந்த வாயோடு அவர் திருவான்மியூர்ப் பக்கம் போனார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவருக்குப் பொறுக்க முடியாத ஒரே கேள்வி இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, மாப்பிள்ளையை நாதஸ்வரத்தோடு திறந்த காரில் ஊர்வலமாகக் கூட்டிவருவார்களே, அதுதான் ஜானவாசம். நம் பக்கத்தில் திறந்த கார் என்றால் அது ஒன்றுதான் எல்லோருக்கும் தெரியும். எனவே அவர் எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து கேட்பார்கள். பாண்டி பஜாரில் ஓர் ஆட்டோக்காரர், "இன்னாக்கா, ஜானவாச வண்டியா? எங்க ஓனர் ஊட்ல கல்யாணம் கீது, வருமா?" என்றார். பல்லக்கா பல்லைக் கடித்தார். பல் டாக்டர் பல்லைக் கடிக்கலாமா என்று நான் கேட்டேன்.

பிறகு நான் என் வேலையைக் காட்டினேன். 'ஜானவாசத்துக்குக் கிடைக்கும்' என்று அழகாக எழுதி, கிளினிக் நம்பரைப் போட்டு, காரின் பின்பக்கம் ஒட்டினேன். அது தெரியாமல் அவர் ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றினார். யாருக்கோ கடவாய்ப்பல் பிடுங்கும் நேரத்தில் கல்யாண வீட்டாரின் போன்கள் வரத் தொடங்கின. பல்லக்கா என் அம்மாவிடம் சொல்லவில்லை. கிளினிக் நம்பரை அடித்துவிட்டு என் நம்பரை எழுதி, அதே அட்டையை அதே இடத்தில் ஒட்டி, ஒரு வாரம் ஓட்டினார். வகுப்பில் இருக்கும்போது என் போன் அடித்தது. "டாக்டரம்மாவோட மேனேஜரா பேசறது?"

"என்ன பல்லக்கா இது?"

"உனக்கு உத்தியோகம் போட்டுக் கொடுத்திருக்கேன். நன்னாப் பேசு. பொண்ணாத்துக்காரா முரட்டுத்தனமா இருந்தா மாத்திரம் என்கிட்ட கொடு."

அப்படி வந்த போன்களில் ஒன்று நிஜமாகவே கலங்கிய குரல். மந்தைவெளியில் ஒரு கல்யாணம். "ஏற்பாடு பண்ணின வண்டி நடு ரோட்டுல நின்னுடுத்தும்மா. நாதஸ்வரக்காரா வந்தாச்சு, மாப்பிள்ளை கோட்டு போட்டுண்டு நிக்கறான், வண்டிதான் இல்லை." நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "நான் என்ன வாடகை வண்டியா?" என்றார் பல்லக்கா. பிறகு, "மாப்பிள்ளை குண்டா?" என்று கேட்டார். ஒல்லிதானாம் என்றேன். சாவியை எடுத்தார்.

அந்த ஊர்வலம் மாதிரி ஒன்றை மயிலாப்பூர் பார்த்திருக்காது. இடது இருக்கையில் மாலையோடு மாப்பிள்ளை. வலது இருக்கையில் நரைத்த கிராப்போடு பல்லக்கா. நான் பக்கத்தில் நடந்தேன். தெருவோரம் நின்ற ஓர் அம்மாள், "என்னடி இது, பொண்ணே ஓட்டிண்டு வரா?" என்று கேட்க, பக்கத்திலிருந்தவர், "பொண்ணுக்குக் கொஞ்சம் வயசு ஜாஸ்தியா இருக்கும் போலிருக்கே" என்றார். பல்லக்கா காதில் விழுந்தது. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், தோள் குலுங்கச் சிரித்தார்.

திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. "அந்தப் பையன் வழி பூரா அண்ணாந்து பார்த்துண்டே வந்தாண்டி. மரம், லைட்டு, நிலா எல்லாத்தையும். எனக்குப் பொறாமையா இருந்தது. கார் என்னுது, வானம் அவனுக்கு."

"நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க. எனக்குப் பதினெட்டு ஆனதும் நான் ஓட்டறேன்."

"உன்கிட்ட சாவியா? சாவிக்கும் சாவுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், தெரியுமோ?"

வேறு யாரும் அந்தக் காரை ஓட்டத் துணியவில்லை. என்னிடம் அவர் தரத் துணியவில்லை. வானம் அப்படியே நின்றது.

போன வருஷம் அவருக்கு நோய் வந்தது. முதலில் மார்பில், பிறகு எலும்பில். கிளினிக்கை மூடினார். இடது காலால் கிளட்சை மிதிக்க முடியாமல் போனது. பல்லக்கு உறை போர்த்திக் கீழே நின்றது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்ட மாதிரி இருக்கு என்பார், ஆனால் பால்கனிப் பக்கம் வருவதில்லை. லைசென்ஸ் வாங்கிய அன்று அவரிடம் காட்டப் போனேன். என் போட்டோவை உற்றுப் பார்த்து, "ஈறு தெரியச் சிரிச்சிருக்கே" என்றார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தார்.

"அன்னிக்கு சாவுக்குப் பயந்துண்டு சாவி கொடுக்கலை. இப்போ அது வரேன்னு சொல்லிடுத்து. இனிமே உன்கிட்ட எனக்கென்ன பயம்? இந்தா."

சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேகம் திரண்ட நேரத்தில் கிளம்பினோம். தலையில் பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு இடது இருக்கையில் உட்கார்ந்தார். கிளினிக் நாற்காலியைச் சாய்ப்பதுபோல் அதைச் சாய்த்துக்கொண்டார். யாரும் திறக்கச் சொல்லாமலே வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின. நான் ரோட்டைப் பார்த்தேன், அவர் எனக்கு வானத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"மந்தைவெளி வந்தாச்சா? ஒயர் ஜாஸ்தியாயிடுத்து." பிறகு, "ரயில் பாலம். ஜன்னல்ல ஒரு குழந்தை டாட்டா காட்டறது." கிரீன்வேஸ் சாலையில் மரங்கள் மேலே கைகோத்த இடத்தில் விரலை மேலே நீட்டினார். "இத்தனை வருஷமா இந்த ரோட்டுல போறேன். இங்கே இவ்வளவு கிளி இருக்குன்னு யாருமே சொல்லலையே." கொஞ்சம் தள்ளி, "பாலத்துல ஏறிட்டியா? வானம் பெரிசாயிடுத்து" என்றார். ஏறியிருந்தேன். கீழே அடையாறு இருந்தது. நான் பார்க்கவில்லை.

பாலம் இறங்கிய சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட மனிதர் காரை மேலும் கீழும் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏம்மா, இது ஜானவாசத்துக்குக் கிடைக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், படுத்திருந்த இடத்திலிருந்து பல்லக்கா பதில் சொன்னார். பல்லைக் கடிக்கவில்லை. மேகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"இன்னிக்குக் கிடைக்காது சார். இன்னிக்கு நான்தான் மாப்பிள்ளை."

ஸ்கூட்டர்காரர் பட்டுத் துணியையும் அதற்குள் முடி இல்லாததையும் பார்த்தார். ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்து, "நல்லா இருங்கம்மா" என்றார்.

திரும்பும்போது தூறல் விழுந்தது. பொத்தானை அமுக்கினேன். கூரை வரவில்லை. பெட்ரோல் பங்க் பந்தலுக்குள் ஒதுக்கட்டுமா என்று கேட்டேன். "மாப்பிள்ளை நனையட்டும்டி. நீ ரோட்டைப் பாரு" என்றார்.

கடைசியாக அவரை பெசன்ட் நகருக்கு எடுத்துப்போனதும் அதே ரோட்டில்தான். கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேல் வண்டியின் கூரை. அந்த இரட்டை மூடி எனக்குப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்துவதற்கு முன் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவைத்தேன். மந்தைவெளியில் ஒயர், அப்புறம் ரயில், அப்புறம் கிளி. வானம் பெரிசானால் பாலம்.

காரை அவருடைய அண்ணா லாரியில் ஏற்றித் தன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கு மிச்சம் இருப்பது உத்தியோகம்தான். என் நம்பர் சமையல் கான்ட்ராக்டர்களிடமும் நாதஸ்வரக்காரர்களிடமும் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்விட்டது. முகூர்த்த மாதங்களில் போன் வந்துகொண்டே இருக்கிறது. நம்பரை மாற்றிவிடேன் என்கிறாள் அம்மா. மாற்றுவதாக இல்லை. அவர் என்மேல் செய்த குறும்பு அது, இன்னும் வேலை செய்கிறது.

நேற்றும் ஒருவர் கூப்பிட்டார்.

"திறந்த கார் உங்ககிட்ட கிடைக்கும்னு சொன்னாளே, இருக்காம்மா?"

"இல்லை சார், வண்டி வெளியே போயிருக்கு."

"எப்போ திரும்பும்?"

"தெரியலை சார். மாப்பிள்ளை இன்னும் இறங்கலை."